கத்தியில் இருப்பது யார் பெயர்?

*ஜப்பான் போய்வருகிறவர்களின் பெட்டியில் இப்போது கைவேலைச் சமையல் கத்தி ஒன்று தவறாமல் இருக்கிறது. அபூர்வமான கொல்லரின் கத்தி என்றால் இன்னும் மவுசு. இந்த வேட்டை, கத்தி அடிக்கிற ஊர்களை என்ன செய்துகொண்டிருக்கிறது?*

டோக்கியோவில் உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவே கப்பாபாஷி என்றொரு தெரு. தெருமுனைக் கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பியும் மீசையுமாக ஒரு ராட்சத சமையற்காரர் தலை உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் நீளத்துக்கு 170 கடைகள். கரண்டி, அண்டா, நூடுல்ஸ் கிண்ணம், ஓட்டல் வாசலில் வைக்கிற பிளாஸ்டிக் போலிப் பண்டங்கள் என்று சமையலுக்கு வேண்டிய எல்லாமும் கிடைக்கும். நூறாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் ஓட்டல்காரர்களே வந்துபோன தெரு இது.

இப்போது கத்திக் கடைகளில் நிற்க இடமில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு இளைஞர் செல்போனை நீட்டுகிறார். திரையில் ஒரு கத்தியின் படம், கீழே ஒரு கொல்லரின் பெயர். விற்பனையாளர் படத்தைப் பார்த்ததுமே இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறிபோல வைத்துக் காட்டுகிறார். ‘இல்லை’ என்று சொல்ல ஜப்பானில் வாய் தேவையில்லை. இளைஞர் அடுத்த கடைக்கு ஓடுகிறார். அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில், அதே கண்ணாடிப் பெட்டிக்குள், வரிசையாகக் கத்திகள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு அவர் தேடுகிற கொல்லரின் அதே உலையில் வெந்தவையாகவே இருக்கலாம். மேலே பொறித்த பெயர் வேறு, அவ்வளவுதான்.

இப்படி ஒரு கூட்டம் திடீரென்று வந்ததற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 161 யென் என்கிற அளவுக்கு யென் சரிந்தது. 1986க்குப் பிறகு அவ்வளவு கீழே அது போனதில்லை. அந்த ஆண்டு மட்டும் 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் ஜப்பானுக்குள் வந்தார்கள். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்துகிடந்து சமையல் பழகியவர்களுக்கும், யூடியூபில் தக்காளியைக் காகிதம்போல் சீவுவதைப் பார்த்துச் சொக்கிப்போனவர்களுக்கும் ஜப்பானியக் கத்தி ஒரு கனவுப் பொருளாகிவிட்டது. கனவு கண்டவர்களில் பலர் விமானம் ஏறிவிட்டார்கள்.

கொல்லர் ஒருவர், சாணைக்காரர் ஒருவர், பெயர் மூன்றாமவருடையது

ஒசாகாவின் தென்னோஜியில் ஹன்காய் டிராமைப் பிடித்தால் அது வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டே சகாய் நகரத்துக்குக் கொண்டுபோய் விடும். ஜப்பானின் தொழில்முறைச் சமையற்காரர்கள் ஒருபக்கம் மட்டும் கூர் வைத்த கத்தியைக் கேட்டால், அது பெரும்பாலும் இந்த ஊரிலிருந்துதான் வரும். 16ஆம் நூற்றாண்டில் சகாய் ஒரு பணக்காரத் துறைமுகம். 1543ல் போர்ச்சுக்கீசியர்களோடு துப்பாக்கி ஜப்பானுக்குள் வந்தது. சகாய்ப் பட்டறைகள் சீக்கிரமே துப்பாக்கி செய்யக் கற்றுக்கொண்டன. பின்னால் புகையிலை வந்தது. அதை மயிரிழையாக நறுக்கக் கத்தி வேண்டியிருந்தது. எடோ காலத்து அரசு சகாய்ப் புகையிலைக் கத்திக்கு முத்திரை கொடுத்துத் தனியுரிமையும் கொடுத்தது. சைக்கிள் கியருக்குப் பேர்போன ஷிமானோ கம்பெனி 1921ல் பிறந்ததும் இதே ஊரில்தான். இரும்பு இந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை.

சகாயில் ஒரு கத்தியை ஒருவரே முழுக்கச் செய்வதில்லை. கொல்லர் அலகை அடிப்பார். சாணைக்காரர் கூர் வைப்பார். பிடி போடுவது இன்னொருவர். இவர்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ்கூட இருக்க மாட்டார்கள். அலகு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெட்டியில் போகும். இவர்களுக்கு நடுவே ஆர்டர் கொடுத்து, சரக்கு வாங்கி, தரம் பார்த்து, விற்கிறவர் மொத்த வியாபாரி. கடைசியில் உளியால் கத்தியின் கன்னத்தில் பொறிக்கிற பெயர் பெரும்பாலும் அந்த வியாபாரியுடையது. அடித்தவர் பெயரும் தீட்டியவர் பெயரும் தலைமுறைகளாக வெளியே தெரிந்ததில்லை. நல்ல கொல்லர் யாரென்று தெரிந்தால் போட்டி வியாபாரி கொத்திக்கொண்டு போய்விடுவாரே! அதனால் ஒரே கொல்லரின் அலகு நான்கைந்து பெயர்களில், நான்கைந்து விலைகளில் உலவுவது அங்கே சாதாரணம்.

போனில் படத்தை வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அவர்கள் தேடுவது கத்தியா, கன்னத்தில் இருக்கிற எழுத்தா?

இருட்டில் ஒரு நிறம்

கொல்லுப்பட்டறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது கரி படிந்த சுவர். தேனிரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, அதன்மேல் வெண்காரமும் இரும்புத்தூளும் கலந்த பொடியைத் தூவி, சின்ன எஃகுத் துண்டை வைத்து மறுபடி காய்ச்சுகிறார்கள். பிறகு மின்சாரச் சம்மட்டியின் கீழே தள்ளினால், தீப்பொறி சிதற இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. எஃகு வெட்டுவதற்கு; இரும்பு, அந்த எஃகு உடையாமல் தாங்குவதற்கு. இந்தக் கூட்டுக் கத்திக்குக் கசுமி என்று பெயர். முழுக்க எஃகிலேயே அடித்து, வாள்போலக் களிமண் பூசித் தோய்ப்பது ஹோன்யகி. தண்ணீரில் இறக்குகிற அந்த ஒரு கணத்தில் விரிசல் விட்டால் அத்தனை நாள் உழைப்பும் குப்பைக்குத்தான். ஹோன்யகி விலை ஒரு லட்சம் யென்னைச் சாதாரணமாகத் தாண்டுவதில் ஆச்சரியமில்லை.

தோய்ப்பதற்கு முன்னால் பட்டறையில் விளக்கை அணைத்துவிடுவார்கள். ஏறக்குறைய 780 டிகிரி சூட்டை அலகின் சிவப்பை வைத்தே கண் அளக்க வேண்டும். வெளிச்சம் இருந்தால் நிறம் ஏமாற்றும்.

இவ்வளவு ஆன பிறகும் சாணைக்காரர் கைக்கு வருவது கறுப்பாக, தடிப்பாக, லேசாகக் கோணிய ஒரு தகடுதான். அதை ஒரு மரப்பலகையில் பொருத்தி, தண்ணீர் கொட்டச் சுழலும் பெரிய சாணைச் சக்கரத்தின் மேல் உடம்பின் எடையால் அழுத்துகிறார். சாம்பல் நிறச் சேறு முழங்கைவரை தெறிக்கிறது. நிறுத்தி, அலகைக் கண்ணுக்கு நேரே பிடித்து, சன்னல் வெளிச்சம் அதில் நேராக ஓடுகிறதா என்று பார்க்கிறார். ஓடவில்லை. மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. மறுபடி சக்கரம். ஒருபக்கக் கூர்க் கத்தியின் பின்புறத்தை லேசாகக் குழித்துவிடுவதும் இவர்தான். அந்தக் குழிவு இருப்பதால்தான் மீன் துண்டு அலகில் அப்பாமல் விலகுகிறது. ஒரு கத்தி கையில் எடுத்ததும் ‘வெட்டுகிறது’ என்று நாம் உணர்வதில் பாதி இவர் வேலை. இவர் பெயரை யாரும் போனில் தேடுவதில்லை.

---

■ காகித நிறமும் எஃகும்

கடையில் ‘வெள்ளைக் காகிதம்’, ‘நீலக் காகிதம்’ என்பார்கள். ஜப்பானிய மொழியில் ஷிரோகாமி, அயோகாமி. இரண்டும் ஷிமானே மாகாணத்தின் யசுகியில் தயாராகும் எஃகு வகைகள். ஆலையில் அடையாளத்துக்குச் சுற்றிய காகிதத்தின் நிறமே பெயராகிவிட்டது. ஆலை நிறுவனமான ஹிட்டாச்சி மெட்டல்ஸின் இன்றைய பெயர் புரோட்டீரியல்.

வெள்ளை: கலப்பு குறைந்த கார்பன் எஃகு. சீக்கிரம் தீட்டலாம், மிக மெல்லிய கூர் நிற்கும், துருப்பிடிக்கும்.
நீலம்: டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்தது. கூர் கூடுதல் நாள் தாங்கும், இதுவும் துருப்பிடிக்கும்.
விஜி-10: எச்சிசென் பகுதியின் தகேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் நிறுவனத்தின் துருப்பிடிக்காத எஃகு. புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தொல்லை குறைவு.

ராக்வெல் அளவுகோலில் இவை பொதுவாக 60க்கு மேல். ஜெர்மன் சமையலறைக் கத்திகள் 56 முதல் 58 வரை. கடினம் கூடக்கூட நொறுங்கும் குணமும் கூடும்.

---

தேவை ஏறிவிட்டது, கைகள் ஏறவில்லை

கேக் விற்பனை கூடினால் இன்னொரு அடுப்பு வாங்கிவிடலாம். சாணைக்காரரை அப்படி வாங்க முடியாது. தனியாகத் தொழில் பண்ணுகிற அளவுக்கு ஒருவர் தேறப் பத்தாண்டு ஆகும் என்பது சகாயில் சர்வசாதாரணமான பேச்சு. குளிர்காலத்திலும் தண்ணீரில் கை. நாள் முழுக்கக் குனிந்த முதுகு. பிள்ளைகள் ஒசாகாவில் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டார்கள். வயதானவர் ஒருவர் ஓய்வு பெற்றால் அவரை நம்பியிருந்த பல வியாபாரிகளின் வரிசை ஒரே நாளில் நின்றுபோகிறது. உலையில் அலகு தயாராக இருக்கும். தீட்ட ஆள் இருக்காது.

விளைவு எங்கெல்லாம் போய் இடிக்கிறது என்று பாருங்கள். ஜப்பானில் சமையற்காரர் தன் கத்தியைத் தானே வாங்க வேண்டும். அது முதலாளியின் பொருள் அல்ல. சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு, முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மீன் சீவுகிற ஒரு யனகிபா கத்தி வாங்கக் காத்திருக்கும் பையனுக்கு முன்னால், விடுமுறைக்கு வந்தவர் இரண்டு வாங்கிக்கொண்டு போகிறார். விலையும் ஏறிவிட்டது. ஒருவருக்கு ஒன்றுதான் என்று சில கடைகள் வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

அபூர்வக் கத்திகளின் கதை இன்னும் விநோதம். சஞ்சோ நகரின் ஷிகெஃபுசா போன்ற ஒருசில பட்டறைகளின் கத்திக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. குடும்பமே சேர்ந்து அடித்துத் தீட்டுகிற இடம், எண்ணிக்கை கூடாது. அப்படி வெளியே வருகிற கத்தி கைமாறும்போதெல்லாம் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் அடித்தவருக்குக் காலணா கிடையாது. வாங்கியவரோ கீறல் விழுமே என்று பயந்து அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. காய் நறுக்கச் செய்த பொருள் பங்குப் பத்திரம் ஆகிவிட்டது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது, ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டார் ‘யார் அடித்தது, யார் தீட்டியது?’ என்று விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் சகாயின் பழைய ரகசியம் இளகியிருக்கிறது. இன்று பல கடைகள் அட்டையில் கொல்லர் பெயரையும் சாணைக்காரர் பெயரையும் தனித்தனியே எழுதி வைக்கின்றன. பெயர் தெரிந்தால் கூலி பேசத் தைரியம் வரும். இந்த மோகத்தால் நடந்த உருப்படியான காரியம் என்று இதைத்தான் சொல்வேன்.

கதவைத் திறந்துவைத்த ஊர்

சகாய்க்கு நேர்மாறான வழியில் போனது எச்சிசென். ஃபுகுயி மாகாணத்தில் இருக்கிறது. 2024 மார்ச்சில் ஹொகுரிகு ஷின்கான்சென் நீட்டிக்கப்பட்டு எச்சிசென்-தகேஃபு நிலையம் வந்த பிறகு போவது சுலபம். 1337ல் கியோட்டோவிலிருந்து வந்த குனியசு என்ற வாள் கொல்லர் தொடங்கிவைத்தார் என்பது ஊர்க் கதை. 1979ல் பாரம்பரியக் கைவினை என்ற அரசு அங்கீகாரத்தை அடித்துச் செய்யும் கத்தி வகையில் முதலில் பெற்றதும் இந்த ஊர். சகாய்க்கு அது 1982ல் கிடைத்தது.

அங்கீகாரம் கிடைத்தும் வியாபாரம் படுத்துக்கிடந்தது. மலிவான அச்சுக் கத்திகள் சந்தையை அள்ளிக்கொண்டிருந்த நேரம். கசுவோ கவாசாகி என்ற வடிவமைப்பாளரோடு சில கொல்லர்கள் கைகோத்தார்கள். (2008 அமெரிக்கத் தேர்தலில் சாரா பேலின் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி உலகப் புகழ் பெற்றதே, அதை வடிவமைத்தவரும் இவர்தான்.) தனித்தனியாக உலை வைத்திருந்தவர்கள் சேர்ந்து 1993ல் தகேஃபு நைஃப் வில்லேஜ் என்ற பொதுப் பட்டறையைக் கட்டினார்கள். மேலே நடைபாதை; கீழே உலைகள். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். வேலை தெரியாத இளைஞர்கள் உள்ளே வருவதற்கும் அந்தத் திறந்த கதவு வழி செய்தது.

அங்கே இரண்டு அலகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டிக்குக் கொடுப்பதைப் பார்க்கலாம். மெல்லிய தகடு தனியாக இருந்தால் சட்டென்று ஆறிவிடும்; இரண்டாக இருந்தால் சூடு நிற்கிறது, தடிமனும் சீராக வருகிறது. புரட்டுகிற கை ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் நகர்ந்தாக வேண்டும்.

1560ல் தொடங்கி, இப்போது கியோட்டோ நிஷிகி சந்தையில் இருக்கும் அரித்சுகு கடைக்கு எல்லோரும் போகிறார்கள், கூட்டமும் அப்படியே. கிஃபு மாகாணத்துச் செகி, ஆலைக் கத்திகளின் தலைநகரம். நல்ல கத்திகள்தான், ஆனால் கைவேலையைத் தேடிப் போகிறவர்கள் ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எச்சிசென் போகட்டும்.

‘கைவேலை’ என்றால் எவ்வளவு கை?

மின்சாரச் சம்மட்டி இல்லாத கொல்லர் இன்று அரிது. அதை வைத்துக் கைவேலை இல்லை என்று சொல்லிவிட முடியாது. எஃகையும் இரும்பையும் ஆலையிலேயே ஒட்டவைத்த தகட்டை வாங்கி அடிக்கிறவர்களும் உண்டு. அதிலும் தரமான கத்தி வரும். அதே தகட்டை அச்சில் வெட்டி, விளிம்பை உரசி, ‘கைவேலை’ என்று அட்டை ஒட்டுகிறவர்களும் உண்டு. அங்கேதான் ஏமாற்று.

அலை அலையாக ஓடும் டமாஸ்கஸ் கோலத்துக்கு மயங்குகிறவர்கள் அதிகம். அந்தக் கோலம் வெளித்தோலில் இருக்கிறது. வெட்டுவது நடுவில் இருக்கும் கோலமில்லாத எஃகு. அழகுக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை, கூருக்கென்று நினைத்துக் கொடுத்தால்தான் தவறு. இணையத்தில் ‘ஜப்பானிய பாணி’ என்று மலிவாக வரும் கத்திகளில் அந்தக் கோலமும் லேசரில் வரைந்ததாக இருக்கலாம். ஜப்பானில் அரசு அங்கீகாரம் பெற்ற கைவினைப் பொருளுக்கென்றே தனி முத்திரைச் சீட்டு உண்டு; கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

---

■ வாங்கிய பிறகு

தெருவில்: ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தகுந்த காரணமின்றி எடுத்துச் செல்வது குற்றம், 2 ஆண்டுவரை சிறை அல்லது 3 லட்சம் யென்வரை அபராதம். கடையில் கட்டிக்கொடுத்த பெட்டியைப் பிரிக்காமல் அறைக்குக் கொண்டுபோங்கள். ரசீதும் கூடவே இருக்கட்டும்.

ரயிலில்: 2018ல் ஷின்கான்செனில் நடந்த கொலைக்குப் பிறகு, சரியாகப் பொதியப்படாத கத்திகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ரயில்களில் தடை.

விமானத்தில்: கைப்பையில் கூடவே கூடாது. ஒப்படைக்கும் பெட்டியில் மட்டும்.

வரி: விற்பனை வரி 10 சதவீதம். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடையிலேயே கழித்துக்கொள்ளும் முறை 2026 அக்டோபர் 31 வரை. நவம்பர் 1 முதல் முழு விலையையும் கட்டிவிட்டு, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதிசெய்து திரும்பப் பெற வேண்டும். கத்தி பெட்டிக்குள் போய்விடும் என்பதால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே சுங்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

இந்தியாவில்: ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகுகளைக் குறிப்பிடுகின்றன, வீட்டு உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. விலை ரசீதைச் சுங்கத்துக்காக வைத்திருங்கள்.

---

நம் சமையற்கட்டில் என்ன ஆகும்?

கத்தியைக் கொண்டுவந்தாயிற்று. முதல் வாரத்திலேயே உடைகிறது. காரணம் பெரும்பாலும் தேங்காய், இல்லையென்றால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த மீன். 62, 63 கடினம் கொண்ட மெல்லிய அலகு நேராக அழுத்தவும் இழுக்கவும் செய்யப்பட்டது. பக்கவாட்டில் திருகினால் சில்லு தெறிக்கும். வஞ்சிரத்தின் முதுகெலும்பு, ஆட்டெலும்பு, முற்றிய பூசணித் தோல் எல்லாம் பழைய கத்திக்கே. தேபா தடிமனாக இருக்கிறதே என்று வெட்டுக்கத்தியாக நினைத்துவிடாதீர்கள். அது மீனைப் பிளக்கிற கத்தி, எலும்பை நொறுக்குகிற கத்தி அல்ல. கண்ணாடிப் பலகையும் கிரானைட் மேடையும் ஆகாது, மரப்பலகை வேண்டும்.

கார்பன் எஃகில் எலுமிச்சையும் மாங்காயும் நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால் பத்து நிமிடத்தில் நிறம் மாறும். சாம்பலும் நீலமுமாகப் படிகிற படலம் நல்லது, அது காப்பு. செம்மஞ்சளாகப் பொரிந்தால் துரு. வேலை முடிந்த கையோடு கழுவித் துடைத்துவிட்டால் துரு அண்டாது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இதைத் தினமும் செய்ய முடியாதவர்கள் விஜி-10 பக்கம் போவதே புத்திசாலித்தனம். இடதுகைக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ஒருபக்கக் கூர்க் கத்தி வலதுகைக்கென்றே செய்யப்படுகிறது. இடதுகைக்கு வேண்டுமானால் தனியாகச் சொல்லித்தான் செய்ய வேண்டும், விலையும் கூடும். சந்தோகு, கியுதோ, நகிரி போன்ற இருபக்கக் கூர்க் கத்திகளில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. காய்கறிச் சமையல்தான் அதிகம் என்கிற வீட்டுக்கு 165 மில்லிமீட்டர் நகிரி ஒன்றே போதும்.

முக்கியமானது இனிமேல்தான். தெருவில் சைக்கிள் சக்கரத்தை மிதித்துக்கொண்டு வருகிற சாணைக்காரரிடம் இந்தக் கத்தியைக் கொடுத்துவிடக் கூடாது. அவர் கைத்திறனில் குறை ஒன்றுமில்லை. நம் இரும்புக் கத்திக்கும் அரிவாள்மனைக்கும் அவர்தான் சரி. ஆனால் தண்ணீரில்லாமல் வேகமாகச் சுழலும் கல் மெல்லிய விளிம்பைச் சுட்டுவிடும். விளக்கை அணைத்து, நிறம் பார்த்து ஏற்றிய கடினம் அரை நிமிடத்தில் இறங்கிவிடும்.

இதற்கு ஒரே வழி தண்ணீரில் நனைத்துத் தீட்டும் கல். கப்பாபாஷியிலும் சகாயிலும் கத்தி வாங்குகிற அதே கடையில் 1000 எண் கல் கிடைக்கும். எப்படித் தீட்டுவது என்று கேட்டால் சொல்லித்தரத் தயங்குகிற கடைக்காரர் குறைவு. அலகை ஏறக்குறைய 15 டிகிரியில் சாய்த்து, ஒருபக்கம் பிசிர் எழும்புவது விரலுக்குத் தட்டுப்படும்வரை தேய்த்து, பிறகு மறுபக்கம் திருப்ப வேண்டும். முதல் நாலைந்து தடவை அசிங்கமாகத்தான் வரும். பிறகு பழகிவிடும்.

ஆகவே ஜப்பான் கிளம்புகிறவர்களுக்கு என் யோசனை இது: போனில் சேமித்துவைத்திருக்கிற அந்தப் பெயரை அழித்துவிடுங்கள். கடைக்குப் போய் நான்கு கேள்வி கேளுங்கள். யார் அடித்தது? யார் தீட்டியது? என்ன எஃகு? பின்னால் அனுப்பினால் தீட்டித் தருவீர்களா? பதில் ஒழுங்காக வருகிற கடையில், 15,000 யென்னிலிருந்து 30,000 யென்னுக்குள், கைக்கு அடங்குகிற ஒரு கத்தியை எடுங்கள். 100 யென் ஏறக்குறைய 60 ரூபாய் என்று வைத்தால் 9,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாய். மிச்சமான பணத்தில் அந்தக் கல்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லுக்குப் பணமில்லை என்றால் கத்தியும் வேண்டாம்.